பாட்டிகள் வாயில் நுழைந்தால் போதும்

என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. யாழினி. பிரிஸ்டலுக்கு வந்த இத்தனை வருடத்தில் யாலினி, யாஸ்ஹினி, யாசினி என்று எத்தனையோ பேராக இருந்து பார்த்துவிட்டேன். காபிக் கடையில் வம்பே வேண்டாம் என்று "லினி" என்பேன். கோப்பையில் "லென்னி" என்று எழுதித் தருவார்கள். அதனால் 2021 கோடையில், வயிற்றில் இருப்பது பெண் என்று ஸ்கேனில் சொன்னதும் (இங்கே சொல்வார்கள்), நான் போட்ட ஒரே நிபந்தனை: எல்லார் வாயிலும் நுழைகிற பெயராக இருக்க வேண்டும்.

என் கணவர் வேல்ஸ்காரர். கார்மார்தன் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் வெல்ஷ் மட்டும்தான். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் சுமார் 5,38,000 பேர், நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் செவர்ன் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம், இங்கிலாந்துக்கு, வந்துவிட்டால் அவருக்கு மொழி என்பது அம்மாவோடு பேசும் தொலைபேசிதான். அந்தப் பாலத்தில் 2018 டிசம்பர் வரை சுங்கம் வாங்கினார்கள், அதுவும் வேல்ஸுக்குள் போகிறவர்களிடம் மட்டும். வெளியே வர இலவசம். இதை என் கணவர் இன்னும் நூறு முறையாவது சொல்வார்.

அவருடைய குடும்பப் பெயர் ஜோன்ஸ். வேல்ஸில் தடுக்கி விழுந்தால் ஒரு ஜோன்ஸ் மேல்தான் விழ வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வெல்ஷ் நெடுங்கணக்கில் 'ஜே' என்ற எழுத்தே பழைய காலத்தில் கிடையாது, பின்னால் கடன் வாங்கியது. முன்பு அவர்களுக்கும் நம்மைப் போலக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான். மகனுக்கு 'அப்', மகளுக்கு 'வெர்ஹ்'. ஹுவெலின் மகன் அப் ஹுவெல். ரிஸின் மகன் அப் ரிஸ். 1536இலும் 1543இலும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்த பிறகு, ஆங்கிலேயப் பதிவேடுகளில் இவையெல்லாம் பவல், பிரைஸ், பியூ, பிரிச்சர்ட் என்று ஒட்டிக்கொண்டு உறைந்துபோயின. ஜானின் பிள்ளைகள் எல்லாரும் ஜோன்ஸ். ஒரே ஊரில் இருபது ஜோன்ஸ் இருந்தால் பால்கார ஜோன்ஸ், தபால்கார ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துக் கூப்பிட வேண்டியதுதான். இனிஷியலோடு வளர்ந்த எனக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டிக்கொண்டது. என் கடவுச்சீட்டில் என் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. அவர்களுக்கு ஐந்நூறு வருடத்துக்கு முன்பு நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

இவர் வாதம் இப்படிப் போனது: கடைசிப் பெயர் ஜோன்ஸ் என்று ஆகிவிட்டது, அது ஒன்றையும் சொல்லாது. வேல்ஸ் என்று ஏதாவது இருக்க வேண்டுமென்றால் அது முதல் பெயரில்தான் இருக்க முடியும். மறுக்க முடியவில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினோம்.

முதலில் சுலபமானவை. மெகன், செரென், காரிஸ், நியா. மெகன் உலகம் முழுக்கப் போய்விட்டாள். மார்கரெட்டின் வெல்ஷ் செல்லப்பெயர் என்று யாருக்கும் நினைவில்லை. செரென் என்றால் விண்மீன். எனக்கு ரொம்பப் பிடித்தது. "வகுப்புக்கு இரண்டு செரென் இருக்கும்" என்று அவர் அடித்துவிட்டார். காரிஸ், அன்பு என்ற சொல்லிலிருந்து வந்தது, கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. நியாவைக் கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவிடம் சொன்னபோது, "நீயா? யாரு, நானா?" என்றாள். மலி என்றொரு பெயர் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, "மலிவு" என்றால் என்ன என்று மட்டும் இவருக்கு விளக்கினேன்.

மவன்வி என்ற பெயரை அவர்கள் உருகி உருகிச் சொல்வார்கள். பழைய, அழகான பெயர். எழுத்தில் 'எஃப்' இருக்கும்; ஆனால் வெல்ஷில் ஒற்றை எஃப் என்றால் வ, இரட்டை எஃப்தான் ஃப. அம்மா கேட்டாள்: "பொண்ணுக்கு எதுக்குடி மவன்னு பேரு?" அன்றைக்கே போனது அந்தப் பெயர்.

ஷான். இது என் நாத்தனார் பெயர், ஜேன் என்பதன் வெல்ஷ் வடிவம். எழுதும்போது 'ஏ' மேல் ஒரு சின்னக் கூரை வரும். 'டோ பாஹ்' என்கிறார்கள், சின்னக் கூரை என்றேதான் பொருள். அது நெடிலின் குறி. வெல்ஷில் 'எஸ்'ஸும் 'ஐ'யும் சேர்ந்து பின்னால் உயிரெழுத்து வந்தால் ஷ. இங்கிலாந்துக்காரர்கள் கூரையைப் பிய்த்துவிட்டு "சியான்" என்பார்கள். நம் ஊரில் சியான் என்றால் யார் நினைவுக்கு வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூரையோடு விமானச் சீட்டுப் பதிவு செய்யப் போய், அந்தத் தளம் எழுத்தை ஏதோ கேள்விக்குறியாக மாற்றி, நாத்தனார் விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் வெறும் ஆங்கில எழுத்து இருபத்தாறும் எண்களும்தான். கூரைக்கு அங்கே இடமில்லை.

அங்ஹாரத். எனக்கு உள்ளூர ஆசை விழுந்த பெயர் இதுதான். மிகவும் நேசிக்கப்பட்டவள் என்று பொருள். வெல்ஷ் பெயர்களில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம் வரும், இங்கே "ஹா"வில். தொடக்கத்தில் நம் ங். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அங்காரகனா? ஏம்மா, பொறக்கும்போதே செவ்வாய தூக்கி தலையில வைக்கணுமா?"

மிச்சம் இருந்தது இவர் முதல் நாளிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த பெயர். தமிழில் எழுத முடியாது. முயன்று பார்க்கிறேன்: க்வென்ஹ்லியன். நடுவில் இரட்டை எல். நாக்கை ல சொல்லும் இடத்தில் வைத்து, ல சொல்லாமல், பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். பூனை சீறுவதற்கும் ஊதுபத்தி அணைப்பதற்கும் இடைப்பட்ட ஒன்று. எனக்கு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. இவருக்கு ழ வர மூன்று வருடம் ஆனது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

க்வென் என்றால் வெள்ளை; தூய, ஆசி பெற்ற என்றும் பொருள் விரியும். ஒல்வென், பிரான்வென், டுவின்வென் என்று பாதிப் பெண் பெயர்கள் அதில்தான் முடியும். என் நிறத்தில் ஒரு பிள்ளை பிறந்து, அவளுக்கு வெள்ளை என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓர் உறுத்தல். இவரிடம் சொல்லத் தயங்கினேன். அப்புறம் எங்கள் பெரியத்தை நினைவுக்கு வந்தாள். கரி நிறம், பெயர் வெள்ளையம்மாள். உறுத்தல் போனது. நடுவில் இருக்கும் அந்த எல் மட்டும் போகவில்லை.

இந்தச் சண்டையில் மாமியார் மகன் பக்கம் நிற்பார் என்று நினைத்திருந்தேன். அவர் பெயர் எய்ர்லிஸ். ஜனவரிப் பனிக்குள்ளிருந்து தலை நீட்டும் வெள்ளைப் பூவின் பெயர். அவர் சொன்னது: "எம்மா, லூசி, ஏதாவது வையுங்கள். பிள்ளையைப் படுத்தாதீர்கள்."

1970களில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைக்குத் தாதியாக வேலைக்குப் போயிருக்கிறார். முதல் நாளே வார்டு மேற்பார்வையாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, ஷெர்லி என்று வைத்துக்கொள்வோம்" என்றிருக்கிறாள். இருபத்தேழு வருடம் ஷெர்லி. ஓய்வுபெறும் நாளில் கொடுத்த கேக்கிலும் ஷெர்லி. கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அதுவரை தெரியாதாம்.

மாமியாரின் அம்மா பெயர் கிளாடிஸ். அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். கும்பகோணத்தில் எனக்குக் கணக்கு எடுத்த டீச்சர் பெயரும் கிளாடிஸ். அது க்வ்லாடிஸ் என்ற பழைய வெல்ஷ் பெயர் தேய்ந்து வந்ததாம். 1900 வாக்கில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது பரவிய வேகத்தில் வேல்ஸ் என்ற முகவரி உதிர்ந்துவிட்டது. வினிஃப்ரெட்டும் அப்படித்தான், வட வேல்ஸில் ஹோலிவெல் ஊற்றுக்குரிய புனிதை க்வென்வ்ரெவியின் பெயர் ஆங்கில வாயில் அப்படி ஆனது. ஜெனிபரைக் கேட்டால் இன்னும் ஆச்சரியம். ஆர்தர் அரசனின் மனைவி வெல்ஷில் க்வென்ஹுய்வர். அதே பெயர் பக்கத்துக் கார்ன்வாலில் ஜெனிபர். 1970 முதல் 1984 வரை அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் அதுதான். நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் எத்தனை ஜெனிபர், எத்தனை கிளாடிஸ், எத்தனை வினிஃப்ரெட்! நான் அந்நியம் என்று முரண்டு பிடித்த பெயர்கள் எனக்கு முன்பே எங்கள் ஊரில் தேவாலய வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

ஆனால் அவை போன விதத்தைப் பாருங்கள். ஓசையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கின்றன. கழற்றாமல் வெளியூர் போன பெயருக்கு என்ன ஆகும்? கடல் தாண்டியும் இந்தக் கேள்வி போயிருக்கிறது. 1865இல் மிமோசா என்ற கப்பலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அர்ஜெண்டினாவின் படகோனியாவில் போய் இறங்கி, சுபுட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெல்ஷ் ஊர்களைக் கட்டினார்கள். நூறு வருடம் கழித்து, 1969இல், அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது: ஸ்பானிய வாய்க்குப் பழகாத அந்நியப் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்கமாட்டோம் என்று. 2015இல் புதிய சிவில் சட்டம் வரும்வரை அது இருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஆறு மாத வயிற்றோடு, லிங்கன்ஷயருக்குப் போனோம். மூன்றரை மணி நேரம். இவர் ஏன் கூட்டிப்போகிறார் என்று சொல்லவில்லை. வயல், வயல், அப்புறம் இன்னும் வயல். மண்பாதை முடிவில் தன்னந்தனியாக ஒரு தேவாலயம். செம்ப்ரிங்ஹாம். கில்பெர்ட் என்ற துறவி 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடம் இருந்த இடம். மடத்தில் இப்போது தரைக்கு மேல் ஒன்றுமில்லை. வழியில் ஒரு நினைவுக்கல்.

க்வென்ஹ்லியன், வேல்ஸின் கடைசி சுதேச இளவரசன் ஹ்லுவெலினின் ஒரே மகள். 1282 ஜூனில் வட வேல்ஸ் கடலோரத்தில், அபெர்க்வின்க்ரெகினில் பிறந்தாள். பிரசவத்தில் அம்மா இறந்துபோனாள். டிசம்பரில் அப்பாவைக் கொன்றார்கள். தொட்டில் குழந்தையை முதலாம் எட்வர்ட் மன்னன் நாட்டின் இந்தக் கோடிக்கு, இந்த மடத்துக்கு அனுப்பினான். அவள் வளர்ந்து கல்யாணம் செய்து ஒரு பிள்ளை பெற்றால் அது வேல்ஸைக் கேட்கும் என்ற பயம். 1337 ஜூனில் சாகும்வரை, 54 வருடம், அவள் இங்கிருந்து வெளியே போகவில்லை. அவளோடு வெல்ஷ் பேச யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஏடுகளில் அவள் பெயர் 'வென்ட்லியேன்' என்று கிடக்கிறது. தன் பெயரை அவளே அப்படித்தான் சொல்லியிருப்பாள். அதைச் சரியாகச் சொன்ன ஒரு குரலைக்கூட அவள் நினைவுதெரிந்து கேட்டிருக்க வழியில்லையே.

2009இல் ஸ்னோடோனியாவில் ஒரு மலைக்கு அவள் பெயரை வைத்தார்கள். கார்னெத் க்வென்ஹ்லியன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கல்லுக்கு முன்னால் நின்று இவர் அந்தப் பெயரை ஒருமுறை சரியாகச் சொன்னார், காற்றை ஊதி. பின்பு காருக்கு வந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "வேண்டாம். இதை இன்னொரு பிள்ளைக்கு இங்கே வைத்து வேண்டாம்" என்றார். வழியெல்லாம் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றவும் இல்லை.

அடுத்த வாரம் தாளைக் கிழித்துவிட்டு, கேள்வியையே மாற்றிப் போட்டோம். இங்கிலாந்துக்காரர்கள் சொல்வார்களா என்று ஏன் பார்க்கிறோம்? அவர்கள் எதையும் சொல்லப் போவதில்லை, எய்ர்லிஸையே சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பெயரைக் கூப்பிடப் போகிறவர்கள் இரண்டு பேர். கார்மார்தன் பாட்டி, கும்பகோணம் பாட்டி. கார்மார்தன் பக்கத்தில் பாட்டியை 'மம்கி' என்பார்கள். மம்கி வாயிலும் அம்மாச்சி வாயிலும் ஒரே போல் வருகிற பெயர். இரண்டு பேர் நுழைந்தால் போதும், மூன்றாவது ஆளுக்குக் கதவைத் திறக்க வேண்டாம்.

அப்படித் தேடியபோது வந்தது ஹெலெத். கடைசியில் இரட்டை 'டி'. வெல்ஷில் இரட்டை டி என்பது நாக்கு நுனி பல்லில் பட்டும் படாமலும் வரும் மெல்லிய த. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை, ஆனால் ஓசை இருக்கிறது. "அது" என்று சொல்லிப் பாருங்கள். அந்தத் தகரம்தான்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெய்யெழுத்தில் முடிகிற பெயரை அம்மா என்றைக்கு அப்படியே விட்டிருக்கிறாள்? கடைசியில் ஓர் உகரத்தைப் போட்டு, "ஹெலெது" என்றாள். "ஹெலெது. நல்லாத்தானே இருக்கு. மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கா?"

மாமியார் என் கையைப் பிடித்தார். "உன் அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஹெலெட் என்பார்கள்" என்றார். அதற்குப் பிறகு எம்மாவும் லூசியும் அவர் வாயில் வரவில்லை.

பெயரின் கதை சோகம்தான், மறைக்கவில்லை. ஹெலெத் 7ஆம் நூற்றாண்டில் பொவிஸ் நாட்டு அரசகுமாரி. எதிரிகள் வந்து அண்ணன் கின்தலனையும் உடன்பிறந்தவர்களையும் கொன்று அரண்மனையை எரித்துவிடுகிறார்கள். அவள் மட்டும் மிஞ்சி, விளக்கும் அடுப்பும் அணைந்த அண்ணன் கூடத்தைப் பார்த்து இரவில் பாடுகிறாள். பாடல்கள் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்தவை என்பார்கள். நமக்குப் பாரி மகளிர் எப்படியோ அவர்களுக்கு ஹெலெத் அப்படி. குன்றை இழந்தவர்கள், கூடத்தை இழந்தவள். பாரி மகளிரை நினைத்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்தால் நம்மில் யாரும் முகம் சுளிக்க மாட்டோம், இல்லையா?

இன்னொன்று, அதுதான் என்னை முழுக்கச் சாய்த்தது. அவள் அழுத அந்தக் கூடம் இன்றைய வேல்ஸில் இல்லை. பாடலில் வரும் இடங்களை ஷ்ரூஸ்பரி சுற்றுவட்டாரத்தில், ஷ்ராப்ஷயரில் காட்டுகிறார்கள். அது இங்கிலாந்து. அண்ணன் புதைந்ததாகப் பாடுகிற இடத்தை பாஸ்சர்ச் என்ற ஊர் என்பார்கள், அதுவும் இங்கிலாந்து. ஆக, வேல்ஸுக்கு வெளியே இந்தப் பெயர் விருந்தாளி அல்ல. ஷ்ரூஸ்பரியைச் சுற்றிக்கொண்டு ஓடும் செவர்ன் ஆறு, வெல்ஷில் ஹவ்ரென், கீழே இறங்கி எங்கள் ஊர் முகத்துவாரத்தில்தான் கடலில் கலக்கிறது. கிளிவ்டன் கரையில் நின்றால் அந்தப் பக்கம் வேல்ஸ் மலை, நடுவில் ஹெலெத்தின் ஆற்றுத் தண்ணீர், கலங்கலாக, காவிரியில் புதுவெள்ளம் வரும் நிறத்தில்.

அக்டோபரில் பிறந்தாள். இங்கே 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வேல்ஸில் பிறந்திருந்தால் வெல்ஷும் ஆங்கிலமும் சேர்ந்த சான்றிதழ் கேட்கலாம். பிரிஸ்டலில் பிறந்ததால் ஆங்கிலம் மட்டும். பதிவாளர் நல்ல பெண்மணி. எழுத்துக் கூட்டச் சொன்னார். "கடைசியில் இரண்டு டியா?" என்று உறுதி செய்துகொண்டார். இவர் மை காய்வதற்குள் மூன்று முறை சரிபார்த்தார்.

வெல்ஷில் ஒரு விசித்திரம் உண்டு. சொல்லின் முதல் எழுத்து, முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து மாறும். மகள் 'மெர்ஹ்', ஆனால் இன்னாரின் மகள் என்னும்போது 'வெர்ஹ்'. ஊர்ப்பெயரையும் விடாது: கார்மார்தன் அவர்கள் வாயில் கைர்வர்தின், "கார்மார்தனில்" என்றால் ஙைர்வர்தின் போல ஆகிவிடும். நம் புணர்ச்சி தலையில் நடப்பது போல. ஆனால் இன்றைய வெல்ஷில் ஆள் பெயரை மட்டும் தொட மாட்டார்கள். எந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்தாலும் ஹெலெத் ஹெலெத்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் அப்படி இல்லை. மழலையர் பள்ளியில் ஒரு மாதம் ஹெலெட், ஒரு வாரம் ஹெலன், ஒரு நாள் ஹெல்த். நான் ஒவ்வொரு முறையும் திருத்தினேன். என் பெயரைத் திருத்தத்தான் இன்றுவரை வாய் வரவில்லை. காபிக் கடையில் இன்னும் லென்னிதான்.

பதினான்கு மாதத்தில் முதன்முறையாகக் கும்பகோணம் கூட்டிப்போனோம். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். குருக்கள் நாங்கள் சின்ன வயதில் பார்த்த அதே குருக்கள், இப்போது ஒரு பல் குறைவு. நட்சத்திரம் கேட்டார். சுவாதி. பேர் கேட்டார்.

"ஹெலெது" என்றாள் அம்மா.

அவர் ஏன், எந்த ஊர், எப்படி எழுதுவது என்று ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "சுவாதி நக்ஷத்ரே" என்று தொடங்கி, அந்தத் தகரத்தைப் பல்லில் பட்டும் படாமலும் வைத்துப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு, விபூதித் தட்டோடு வந்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளை தேங்காய் மூடியைக் கேட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.